கட்டிலருகே ஒரு காலி நாற்காலி

அயர்லாந்தில் மனிதர்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வருகிறார்கள். கையில் ஒரு பை, படிக்க ஒரு புத்தகம். கட்டிலைச் சுற்றி ஃப்ளாஸ்க், பாய், மைத்துனர் எதுவும் கிடையாது. வந்த புதிதில் இதை ஒரு விசித்திரமாக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

வார்டில் விடுவதற்கு முன், வெளிநாட்டிலிருந்து வந்த நர்ஸ்களான எங்களுக்கு ஒரு சிமுலேஷன் தேர்வு; நிஜ நோயாளிக்குப் பதில் கம்ப்யூட்டர் நோயாளி. இரண்டு முறை தவறினால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கண்ணை மூடும் விஆர் கண்ணாடியை மாட்டியதும் எதிரே ஒரு வார்டு எழுந்தது. கட்டிலில் ஜான் என்ற முதியவர் மூச்சிரைத்தபடி கிடந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி. நாடி, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் பார்த்தேன். பிறகு நாற்காலியின் பக்கம் திரும்பி, "எப்போதிலிருந்து இரைக்கிறது? என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டேன். நான் பார்ப்பதெல்லாம் வெளியே பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கூடப் பயிலும் இளம்பெண்களின் சிரிப்பு கேட்டது.

"யாரைத் தேடினீர்கள்?" என்றார் தேர்வாளர் மேரி.

"அவர் மனைவியை."

அவர் தன் தாளைப் புரட்டிப் பார்த்தார். "இதில் மனைவி கிடையாதே. சேர்க்கச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். முகம் எரிந்தது.

விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த வார்டில் கூட இருப்பவரிடம்தான் எல்லாம் கேட்போம். "இன்னாமா, தூங்கினாரா?" "எங்க சிஸ்டர், இருமிக்கினே கெடந்தாரு." நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகையூர்க்காரர் ஒருவர் ஒருநாள், "இருமல் எனக்குத்தான் சிஸ்டர்" என்றார். வார்டே சிரித்தது. நானும்தான்.

மறுதேர்வில் ஜானின் கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லி, அவரிடமே கேட்டேன். தேறினேன். மேரி கைகொடுத்தபோது அந்த முகையூர்க்காரர்தான் நினைவுக்கு வந்தார். ஒரு பொம்மைப் படத்துக்குக் கொடுத்த மரியாதையை அவருக்கு நான் கொடுக்கவில்லை.

போன விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது அம்மாவுக்குத் திண்டிவனத்தில் கால் ஆபரேஷன். மறுநாள் காலையில் வந்த நர்ஸ் என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு வலி எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

"அவங்களையே கேளுங்கம்மா" என்று நாற்காலியிலிருந்து எழுந்து ஒதுங்கினேன். எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன்டி, பக்கத்துல மவள வெச்சிக்கினு நானே சொல்லணுமா? நான் இன்னா அநாதையா?"

நர்ஸ் காத்திருந்தாள். "ராத்திரி தூங்கல. வலி இருக்கு" என்றேன். அம்மா திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜானின் பக்கத்தில் காலியாகக் கிடந்த அதே நாற்காலி. இங்கே அது எனக்காகப் போட்டிருந்தது. உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் அதன் முதுகைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.