அத்தைக்கு இரண்டு பார்க்

தொண்ணூறுகளின் நடுவில், ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பார்க்கை என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒருத்திதான் கவனித்துக்கொண்டாள். முன்பு மூன்று பேர் பார்த்த வேலை. ஒருவர் ஓய்வு பெற்றார், இன்னொருவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புது ஆள் போடப் பணமில்லை என்று கார்ப்பரேஷன் ஆபீஸில் கைவிரித்துவிட்டார்கள். ரப்பர் குழாயும் கிழிந்துபோனதால் அத்தை குடத்தில்தான் தண்ணீர் சுமந்தாள். வலது தோள் பழுதாகி, தலை பின்னக்கூடக் கை தூக்க முடியாது. அம்மாதான் பின்னிவிடுவாள்.

ஒரே ஒரு ஆள் துணைக்கு வேண்டும் என்று அத்தை மனுமேல் மனு போட்டதில், அடுத்த மாதம் ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அன்றிலிருந்து அத்தை களையைத் தொடவில்லை. பார்த்தீனியம் முழங்காலைத் தாண்டியது. தூங்குமூஞ்சி மரத்துச் சருகு நடைபாதையை மூடியது.

"என்ன இப்படி விட்டுட்டே?" என்றாள் அம்மா.

"இருக்கட்டும் அண்ணி. வந்து கண்ணால பாக்கட்டும்."

இந்த லட்சணத்தைப் பார்த்தால் அத்தையை வேலையைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று நானே முடிவுகட்டினேன். கேட்காமலே உதவுகிற புத்தி எனக்கு ஒன்பது வயதிலேயே உண்டு. அதிகாரி வருவதற்கு முந்தின நாள் ஞாயிறு. அத்தையும் அம்மாவும் அத்திபெலேக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தெருப் பிள்ளைகளையெல்லாம் திரட்டினேன். பிடுங்கினோம், பெருக்கினோம், வாளி வாளியாக ஊற்றினோம். விருந்தாளி வருகிறாரே என்று பார்க் வாசலில் கோலம்கூடப் போட்டேன். யாரும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். பெயர் அத்தைக்கல்லவா போக வேண்டும்!

அவர்கள் திரும்பியபோது இருட்டிவிட்டது. காலையில் கேட்டைத் திறந்த அத்தை அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலேயே அதிகாரியின் ஜீப் வந்தது; தெருப் பிள்ளைகளோடு நானும் ஓடிப்போய் நின்றேன்.

"பஹள சென்னாகிதே! ரொம்ப நல்லா இருக்கேம்மா, யாரு இவ்ளோ வேலை செஞ்சது?" என்றார் அதிகாரி, கன்னடமும் தமிழும் கலந்து.

அத்தை வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்க அத்தை ஒருத்திதான் சார். வேற யாருமே கை வைக்கல."

அத்தை என்னைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரியாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்புறம் எதுக்கும்மா இன்னொரு ஆளு?" என்று சிரித்த அதிகாரி, ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த பக்கத்துத் தெரு பார்க்கின் சாவியையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, என் அத்தைக்கு இப்போது இரண்டு பார்க் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.