இன்ஜின் உட்கார்ந்துவிட்டதா?

என் வீட்டுக்காரர் ரிப்பேர் முடித்த காரை ஓட்டிப் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னையும் ஏற்றிக்கொண்டுதான் போவார். திண்டிவனம் செஞ்சி ரோட்டில் இதைப் பற்றிப் பேசாத கடை கிடையாது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகியும் ஆரோக்கியராஜுக்கு மோகம் தீரவில்லை என்று பஞ்சர் கடைக்காரர் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். மோகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவருக்கு விரல் மரத்துப் போய்விட்டது, அவ்வளவுதான்.

எல்லாம் சர்க்கரையால் வந்த வினை. சட்டைப் பொத்தானைக்கூடக் குனிந்து பார்த்துத்தான் போட வேண்டியிருக்கிறது. ஸ்பேனர் பிடிப்பதிலும் போல்ட் கழற்றுவதிலும் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓடுகிற காரின் ஸ்டியரிங்கில் உள்ளங்கையை வைத்து, அதிர்வு எந்த இடத்திலிருந்து வருகிறது என்று சொல்வாரே, அது போய்விட்டது. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கைதான். விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் அதை நம்பித்தான் வண்டி வருகிறது. கையில் உணர்ச்சி இல்லை என்று வெளியில் தெரிந்தால் ஒருத்தனும் வாசல் மிதிக்க மாட்டான், கடையை மூட வேண்டியதுதான் என்று பயந்து, என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதனால் ஒரு வருஷமாக அவர் கைக்குப் பதில் என் கை. முன்சீட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, டேஷ்போர்டில் கையை வைத்துக்கொள்வேன். எந்தப் பக்கம் அதிருகிறது, கொரகொரவென்றா ஜிவ்வென்றா, பிரேக் பிடித்தால் கூடுகிறதா குறைகிறதா என்று அவர் கேட்கக் கேட்க நான் சொல்வேன். ஆரம்பத்தில் எல்லாமே எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆறு மாசத்தில் வித்தியாசம் பிடிபட்டுவிட்டது. காணை கிராமத்தில் கரும்புக் கட்டு சுமந்த வீட்டில் பிறந்தவள் கார் வைத்தியம் பார்ப்பேன் என்று யார் கண்டது? எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, ஒளிப்பானேன்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்கோபக்காரர், ஆனால் கோபம் வண்டி மேல்தான் வரும், மனிதர் மேல் வராது. துருப்பிடித்த போல்ட்டைப் பார்த்துத் திட்டுகிற திட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. இன்ஜினைத் தூக்குவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வார். அவசரமாக வேண்டும் என்பவர்களிடம், அவசரமென்றால் பஸ்ஸில் போங்கள் என்று சொல்லிவிடுவார். விழுப்புரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் பதினாறு வயதில் சேர்ந்த மனிதருக்கு இத்தனை ராங்கி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன ஆடி மாசம் கோட்டக்குப்பத்திலிருந்து ஹுதைஃபா வந்தார். குவைத்தில் வேலை பார்க்கிற பிள்ளை, லீவில் வந்திருந்தார். அவர் வைத்திருந்தது முன்சக்கரம் இழுக்கிற வேகமான சின்னக் கார். ஆக்சிலேட்டரை அழுத்தினால் பாய்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் இன்ஜின் முன்னும் பின்னும் ஆடி டக்கென்று இடித்தது. இன்ஜினைக் காரோடு பிடித்து வைப்பவை மூன்று மவுண்ட். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ரப்பர் புஷ் இருக்கும், இன்ஜினின் குலுக்கலை அதுதான் வாங்கிக்கொள்ளும். இந்தக் காரில் மூன்றுமே கிழிந்து தொங்கின. ரேஸ் வண்டிக்குப் போடுகிற கெட்டியான புஷ் மூன்றை ஹுதைஃபா குவைத்திலிருந்தே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

மூன்றையும் கெட்டியாகப் போட்டால் இன்ஜின் ஆடாது, அதற்குப் பதில் உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஆடுவார் என்றார் என் வீட்டுக்காரர். இன்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிப்பது கீழே இருக்கிற மவுண்ட். அதற்கு மட்டும் கெட்டி புஷ், மேலே இரண்டுக்கும் கம்பெனி ரப்பரே புதிதாகப் போடலாம் என்று விளக்கினார். பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அம்மாவை அந்தக் காரில் நாகூருக்குக் கூட்டிப்போய் வந்துவிட்டுத்தான் குவைத் திரும்ப வேண்டும், அம்மாவுக்கோ முதுகு வலி என்பதால், சரியென்று சொல்லிவிட்டார்.

பழைய புஷ்களைப் பிரஸ் மெஷினில் அழுத்தித் தள்ளி எடுத்து, புதியவற்றில் கிரீஸ் தடவி ஏற்றினார். இனிமேல்தான் முக்கியமான கட்டம். போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றி லேசாக இழுக்க விட வேண்டும். அப்படி ஆடி ஆடி இன்ஜின் தன் இடத்தில் உட்காரும். உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். அதற்கு முன்னால் இறுக்கிவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும், நடுக்கமெல்லாம் சீட்டுக்கு வந்துவிடும். உட்கார்ந்ததா என்று முன்பெல்லாம் மவுண்ட் மேல் கை வைத்தே சொல்லிவிடுவார். இப்போது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அவர் சொல்லிக்கொடுத்தபடி கியர் போடுகிற என்னைத்தான் கேட்க வேண்டும்.

மணி ஒன்றே முக்கால். ஒரு மணிக்கே மாத்திரை போட்டிருந்தார், போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். இரண்டு மாசத்துக்கு முன் இதே மாதிரி வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, ஜாக்கிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தவர். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. கேப்பைக் களியும் வேர்க்கடலை வறுத்து அரைத்த மல்லாட்டைத் துவையலும் தூக்குவாளியில் அப்படியே இருந்தன. "உக்காந்துடுச்சா?" என்று பானட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். என் பாதத்துக்கடியில் ஜிவ்வென்று இருந்தது, இன்னும் உட்காரவில்லை. இல்லை என்று சொன்னால் இன்னும் அரை மணி நேரம் இழுப்பார் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். இறுக்கினார், கை கழுவினார், சாப்பிட்டார். எனக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் விக்கிரவாண்டி வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். கியர் மாற்றும்போது இடியே இல்லை, மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். டோல்கேட்டுக்கு முன்னால் திரும்புவதற்காக நிறுத்தியபோது மறுபடியும் அந்த நடுக்கம் காலில் ஏறியது. புது ரப்பர், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஹுதைஃபா காரோடு வந்து நின்றார். நல்ல பிள்ளை, குரலை உயர்த்தவில்லை. ஓட்டுவதற்கு வெண்ணெய் மாதிரி இருக்கிறது, ஆனால் நின்றால் சீட்டு நடுங்குகிறது, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அம்மா முதுகைப் பிடித்துக்கொள்கிறார், புதன்கிழமை நாகூர் கிளம்ப வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. சாமான் வைக்கிற அறைக்குள் போய் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே போனேன். கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை மட்டும்தான் போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இப்ப போல்ட்டு முறுக்குற பக்குவமும் போச்சு. தம்பிய வேற எடம் பாக்கச் சொல்லிடுறேன். எனக்கு எங்கனா வாட்ச்மேன் வேலதான் சரி."

அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகச் சொன்ன பொய் இந்த மனிதரின் தொழிலையே தின்னப் பார்க்கிறதே என்று இருந்தது.

"உங்க மேல தப்பு இல்லீங்க" என்றேன். "அன்னிக்கு இன்ஜின் உக்காரல. எனக்குத் தெரியும். நீங்க சாப்புடாம வேர்த்துக்கினு இருந்தீங்க, அதான் உக்காந்துடுச்சின்னு சொல்லிட்டேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. விரித்திருந்த கையை மடக்கிக்கொண்டார்.

"என் கைய நம்ப முடியாமத்தானே ரோஜா உன் வாய நம்புனேன். அதுவும் இல்லன்னா நான் இன்னா பண்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வண்டி எங்கேயும் ஓடிவிடாது, அதை விட்டுவிட்டு என்னைப் பொய் சொல்ல வைத்தது யார் என்று அழுகையோடு சண்டையும் போட்டேன். அதில் நியாயம் இருப்பது அவருக்கும் தெரிந்தது. எழுந்து என் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

போனவர் நேராக ஹுதைஃபாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். என்னிடம் சத்தியம் வாங்கிய அதே மனிதர், பஞ்சர் கடைக்காரர் காதிலும் விழுகிற மாதிரி, தன் கையில் ஒரு வருஷமாக உணர்ச்சி இல்லை, அதிர்வு பார்ப்பதெல்லாம் தன் வீட்டம்மாதான், அன்றைக்கு அவசரப்பட்டதால் தப்பு நடந்துவிட்டது என்றார். வேறு இடத்துக்குப் போவதானால் போகலாம், வருத்தப்பட மாட்டேன் என்றும் சொன்னார். ஹுதைஃபா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

போல்ட்டுகளைத் தளர்த்தி முதலிலிருந்து ஆரம்பித்தோம். முதல் கியர், ரிவர்ஸ், முதல் கியர், ரிவர்ஸ். அவர் கேட்டார், நான் இல்லை என்றேன். மறுபடி கேட்டார், மறுபடியும் இல்லை என்றேன். மணி ஒன்றானதும் இன்ஜினை அணைத்துவிட்டு, போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போய்ச் சாப்பிட்டார். ஹுதைஃபாவுக்கும் ஒரு தட்டில் களி வைத்தேன். துவையலை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டரை மணிக்கு அந்த ஜிவ்வு மெல்ல அடங்கி, காலுக்கடியில் ஒரு மெத்தென்ற துடிப்பு மட்டும் மிச்சமிருந்தது. வலது கால், இடது கால், கை என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினேன். அவர் இறுக்கினார். விக்கிரவாண்டி போய்த் திரும்பினோம், நிறுத்திய இடத்தில் எல்லாம் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அவர் இந்த முறை சிரிக்கவில்லை, விசிலடித்துக்கொண்டு வந்தார்.

பட்டறை வாசலில் சாவியை வாங்கிக்கொண்ட ஹுதைஃபா உடனே வண்டியில் ஏறவில்லை. ஆரோக்கியராஜைத் தாண்டி என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இதுல அம்மாவ ஒக்கார வைக்கலாமா?"

பத்தொன்பது வருஷத்தில் இந்த வாசலில் ஒரு வண்டிக்காரரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவரும் என் பதிலுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

"தாராளமா ஒக்கார வைங்க தம்பி" என்றேன்.