ஜீப்பை எடுத்துட்டுப் போயிடுங்க மேடம்

கல்வி அதிகாரியாகத் தர்மபுரிக்கு வந்த முதல் வாரத்திலேயே நான் பயந்துபோன நாள் ஒன்று உண்டு. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் மெமோவும் மீட்டிங்கும்தான். அவற்றை எவர் வேண்டுமானாலும் எழுதலாம்.

இண்டூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. ஊரில் பாதி வீடுகளில் கன்னடம் பேசுவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால்தான் உள்ளது உள்ளபடி தெரியும் என்பது அப்போது என் கொள்கை. பெரிய புத்திசாலி என்று நினைப்பு. மண் ரோட்டில் அந்தப் பழைய ஜீப் வரும் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும்.

மூன்றாம் வகுப்பில் நுழைந்தேன். யாரைக் கேட்டாலும் கடகடவென்று வாசித்தார்கள். பல வருடம் சாக்பீஸ் பிடித்தவளுக்கு ஒரு வகுப்பில் எல்லோரும் வாசித்தால் மகிழ்ச்சி வராது, சந்தேகம்தான் வரும். போர்டில் எழுதியிருந்த வருகையைவிட எதிரே இருந்த தலைகள் குறைவு. மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். தலைமை ஆசிரியருக்கு வியர்த்துவிட்டது. பாத்ரூம் போயிருக்கிறார்கள் என்றார். அத்தனை பேருமா என்றேன்.

விஷயம் இதுதான். யாராவது பார்வையிட வந்தால், வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பின்பக்கம் அனுப்பிவிடுவது அங்கே வழக்கமாம். வாசிப்பில் பள்ளியின் மார்க் குறைந்தால் ரிவ்யூ மீட்டிங்கில் தலைமை ஆசிரியரை எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார்கள். மாவட்டத்தின் மார்க் குறைந்தால் எனக்கு மேலே இருப்பவர் என்னைக் கேட்பார். அவருக்கு மேலேயும் ஆள் உண்டு. மேலிருந்து இறங்கிய பயம் கடைசியில் எட்டு வயதுப் பிள்ளையிடம் போய் நின்றிருந்தது.

கூப்பிடுங்கள் என்றேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். மாதேஸ்வரி என்ற பெண்ணை மட்டும் காணவில்லை. வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளை, தமிழில் எழுத்துக்கூட்டுவதற்குள் மணியடித்துவிடும் என்றார் தலைமை ஆசிரியர். அவள் வேலியைத் தாண்டிக் கிணற்றுப் பக்கம் ஓடினாள் என்று ஒரு பிள்ளை சொன்னது.

அந்தப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றுச்சுவர் இருக்காது. உட்சுவரில் கல்லை நீட்டிவைத்ததுதான் படி, பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. மழை பெய்து தண்ணீர் ஏறியிருந்தது. அவள் பாதிப் படியில் சுவரோடு ஒட்டிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மேலிருந்து உச்சி வகிடும் சிவப்பு ரிப்பனும்தான் தெரிந்தன.

ஜீப் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். காக்கிச் சட்டையைக் கண்டதும் அவள் கீழே நகர்ந்தாள். பாதம் தண்ணீரில் நனைந்தது. டிரைவரை மேலே வரச் சொல்லிவிட்டு நான் கூப்பிட்டேன். புதுக் குரல் கேட்டதும் இன்னொரு படி இறங்கினாள். முழங்கால்வரை தண்ணீர். அதற்குக் கீழே படி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு நீச்சலும் தெரியாது.

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். ஜீப்பை எடுத்துட்டுப் போயிடுங்க. சத்தம் தூரமாப் போனாத்தான் அவ வெளிய வருவா. அப்படித்தானுங்க பழக்கி வெச்சிருக்கோம்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் கோபப்பட அது நேரமா? சத்தம் கேட்டு ஓடிவந்த தோட்டக்காரருக்கு நீச்சல் தெரியும். அவரைக் கயிற்றோடு மோட்டார் ரூமுக்குப் பின்னால் மறைந்து நிற்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். தண்ணீரில் நிற்கிற பிள்ளையை விட்டுவிட்டு வண்டியேறிப் போவதைப்போல அசிங்கம் வேறு உண்டா? நாங்கள் போவது அவளுக்குக் கேட்கட்டும் என்று ஹாரனை அடித்துக்கொண்டே போகச் சொன்னேன்.

தார் ரோட்டில் நிறுத்திவிட்டுப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நொடிக்கொரு தரம் டவர் இருக்கிறதா என்று பார்த்தேன். டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், வாங்கக் கை வரவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாமி பூதம் என்று போகிற ஆளில்லை நான். அன்றைக்குத் தீர்த்தமலை சாமிக்கு வேண்டிக்கொண்டேன். போன் அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

"ஏறி வந்துட்டாளுங்க மேடம்" என்றார் தலைமை ஆசிரியர்.

ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு நடந்து திரும்பினேன். சமையல்கார அம்மாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு மாதேஸ்வரி சத்துணவு முட்டையைத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நடந்து வந்ததால் என்னை யாரோ ஊர்க்காரம்மா என்று நினைத்துக்கொண்டாள்.

"ஜீப்புல வந்த ஆபீசரு போயிட்டாங்களா?"

போயிட்டாங்க என்றேன். கிணற்றில் இறங்கப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சு. நான் இருந்தா சாருக்கு மார்க்கு போயிடுமுங்க. சாரு பாவமுங்க."

தலைமை ஆசிரியர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அவருக்கு மெமோ கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அடுத்த தடவை இன்னும் நல்ல இடமாகப் பார்த்து ஒளித்துவைத்திருப்பார்கள். மார்க்குக்காக யாரையும் நிற்கவைக்கமாட்டேன், திணறும் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் அதிகமோ அங்கேதான் கூடுதல் ஆசிரியர் முதலில் போவார் என்று மீட்டிங்கில் சொன்னேன். மாதேஸ்வரியின் பள்ளிக்குக் கன்னடம் தெரிந்த டீச்சர் ஒருவர் போனார். பார்வையிடப் போனால் நன்றாக வாசிக்கும் பிள்ளையைக் கடைசியில் பாருங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

அந்த வருடம் மாவட்டத்தின் மார்க் சரிந்தது. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி, வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் திடீரென்று எங்கிருந்து முளைத்தார்கள் என்று கேட்டார்.

"இத்தனை நாளும் இருந்தாங்க சார்," என்றேன். "நாம வர்றோம்னுதான் ஒளிஞ்சிட்டிருந்தாங்க."