ரஹ்மத்துன்னிசா கண்ணாடியைக் கழற்றிய வருடம்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனதே மகளுக்காகத்தான். நிதாவுக்குப் பத்தொன்பது வயது, காலேஜில் படிக்கிறாள். லேசர் செய்து கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டும் என்று வீட்டில் ஒரே நச்சரிப்பு. துணைக்குப் போன தாய் ரஹ்மத்துன்னிசா, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். கண்ணாடி அவளுக்கும் உண்டு, மகளுடையதைவிடத் தடிமனாக.

டாக்டரம்மா நிதாவின் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பவர் இன்னும் ஏறிட்டே இருக்குதும்மா. இப்பப் பண்ணுனா மறுபடியும் கண்ணாடி வந்துரும். ஒரு வருசமாவது ஏறாம நிக்கட்டும். அப்புறம் வா."

நிதாவின் முகம் தொங்கிப்போனது. எழுந்து வர வேண்டிய நேரம். ரஹ்மத்துன்னிசா எழவில்லை.

"டாக்டர், எனக்குப் பண்ணலாமுங்களா?"

கேட்டுவிட்டு அவளே திகைத்துப் போனாள். நிதா தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

நாலாம் வகுப்பில் மாட்டிய கண்ணாடி அது. பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்குச் சோடாபுட்டி என்றுதான் பெயர். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்று, அம்மா கண்ணாடியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிட்டாள். எதிரே வெள்ளைச் சட்டை ஒன்று உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. அந்தச் சட்டைக்குள் நஸ்ருதீன் என்று ஒருவர் இருந்ததும், அவருக்குக் கன்னத்தில் மச்சம் இருந்ததும் நிக்காஹ் முடிந்த பிறகே தெரியவந்தது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆனால் சிரித்து முடித்ததும் உள்ளே ஏதோ ஒன்று சுருங்கும்.

நஸ்ருதீன் நூலும் லேபிளும் விற்கும் சிறு கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "நாப்பத்தி ரெண்டு வயசாச்சு. இனி உன்னைய யாரு பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்க வேண்டாமுங்க. நான் பாக்கோணும்."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அடுத்த முறை அவரே வண்டியில் கூட்டிப் போனார்.

சோதனைகள் பல நடந்தன. கருவிழியின் கனம் போதும் என்றார் டாக்டரம்மா. ஆனால் கண் காய்ந்து கிடக்கிறது, முதலில் சொட்டு மருந்து போட்டு அதைச் சரி செய்ய வேண்டும் என்றார். பிறகு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"செக்கிங்குங்க. துணியில ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பாக்கறது."

"கிட்டத்துல பாக்கறப்பக் கண்ணாடி போட்டிருப்பீங்களா?"

"இல்லீங்க. தலைக்கு மேல ஏத்தி விட்டுக்குவேன். வெறுங்கண்ணுலதான் நல்லாத் தெரியும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அங்கதான் இருக்குது விஷயம். உங்க கண்ணுக்குத் தூரம் தெரியாது, கிட்டத்துல நல்லாத் தெரியும். லேசர் பண்ணுனா தூரம் தெளிஞ்சுரும். கிட்டத்துல பாக்கறதுக்கு இந்த வயசுல கண்ணாடி தேவைப்படும். இப்ப வெறுங்கண்ணுல பாக்கறீங்களே, அது போயிரும். சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்ல. உங்களுக்கு இருக்குது."

அவளுக்கு இதை யாரும் சொன்னதில்லை. கண்ணாடி போய்விடும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

கண் கொஞ்சம் ஈரம் கண்டதும், ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லிக் காண்டாக்ட் லென்ஸ் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஏறக்குறைய இப்படித்தான் தெரியுமாம்.

லென்ஸோடு கம்பெனிக்குள் நுழைந்த காலை அவளுக்கு மறக்காது. ஹாலின் கடைசியில் மெஷினில் குனிந்திருந்தவர்களின் முகம் தனித்தனியாகத் தெரிந்தது. மூக்கின் மேல் பாரமே இல்லை. மிதப்பது போல இருந்தது. அந்த மிதப்பு சாப்பாட்டு நேரம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் ஒரு டீ-சர்ட்டை விரித்துப் பிடித்தபடி வந்தான்.

"அக்கா, காலர் ஓரத்துல ஓட்டைங்க. நீங்க பாஸ் பண்ணுன பீஸ்."

வாங்கிப் பார்த்தாள். கண்ணருகே கொண்டுபோகப் போக மங்கியது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். அப்போது ஓட்டை சிறுத்துக் காணாமல் போனது. "என்ற தப்புதானுங்க," என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் கண்ணாடிக் கடையில் கிட்டத்தில் பார்ப்பதற்கு ஒன்று வாங்கினாள். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டதும் வேலை பழையபடி ஓடியது.

"ஒரு கண்ணாடியக் கழட்டி இன்னொண்ணு மாட்டறதுக்கு ஆபரேஷன் எதுக்கும்மா? விட்ருங்க," என்றாள் நிதா.

மகள் சொன்னது நியாயந்தான். அந்த வாரம் முழுக்க ரஹ்மத்துன்னிசா அதையே மனசுக்குள் போட்டு உருட்டினாள். கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடி வேலைக்கு மட்டும். வேலை முடிந்தால் பையில் கிடக்கும். காலையில் கண் விழித்ததும் தலையணைக்கடியில் துழாவுவது, மழையில் வண்டியின் பின்னால் ஒன்றும் தெரியாமல் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு போவது, கல்யாண வீட்டில் தூரத்திலிருந்து கையசைப்பவர் யாரென்று தெரியாமல் பொத்தாம்பொதுவாகச் சிரித்து வைப்பது, இதெல்லாம் மீதி வாழ்க்கை. அந்த மீதியைத்தான் அவள் வெறுங்கண்ணோடு பார்க்க விரும்பினாள்.

லென்ஸைக் கழற்றிச் சில வாரம் விட்டு மறுபடி அளவெடுத்தார்கள். தேதி குறிக்கும்போது அவளிடம் ஒரு கேள்வி இருந்தது.

"தொழுகைக்கு ஒளூ செய்யறப்ப முகம் கழுவோணுமுங்களே?"

"கொஞ்ச நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுக்குள்ள போகக் கூடாது," என்றார் டாக்டரம்மா. நஸ்ருதீன் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வந்தார். தண்ணீருக்குப் பதிலாக மண்ணைத் தொட்டுச் செய்யும் தயம்மும் போதும் என்றாராம். கம்பெனியின் பஞ்சுத் தூசியும் கண்ணுக்கு ஆகாது என்பதால் நீண்ட லீவு சொன்னாள்.

ஆபரேஷன் வலிக்கவில்லை; பயமாக இருந்தது. இமையை விரித்து மாட்டிவிட்டு, விளக்கையே பார்க்கச் சொன்னார்கள். ஏதோ அழுத்தியதும் ஒரு கணம் எல்லாம் இருண்டது. முடி கருகுவது போல ஒரு வாடை. வீட்டுக்கு வந்த பிறகுதான் மிளகாய் பட்டது போல எரிந்தது. கசக்கக் கூடாது என்று கைகளைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு படுத்தாள்.

காலையில் எழுந்து முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்றாள். இத்தனை வருடமும் வெறும் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கண்ணாடியில் மூக்கு இடிக்க வேண்டும். இப்போது நாலடி தள்ளி நின்று பார்த்தாள். மூக்கின் இருபுறமும் பள்ளம் விழுந்த தழும்பு. கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் நினைத்துக்கொண்டிருந்ததைவிட வயதான முகம். நாலாம் வகுப்புப் பிள்ளையைத் தேடி வந்தவளுக்கு நாற்பத்திரண்டு வயதுக்காரி கிடைத்தாள். அழுகையும் வந்தது, அழலாமா கூடாதா என்று டாக்டரைக் கேட்காமல் விட்டதும் நினைவுக்கு வந்தது.

லீவு முடிந்து போனபோது பக்கத்து மேசை மயிலாத்தாள் விட்டுவைக்கவில்லை. "ஏனுங்கக்கா, ஆபரேஷன் பண்ணியும் கண்ணாடியா?"

"ஆமாங்க. தெரிஞ்சேதான் பண்ணிக்கிட்டேன்."

இருட்டினால் தெருவிளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தது. சில மாதத்தில் மெல்லக் குறைந்தது. கண் காய்வது மட்டும் முழுக்கப் போகவில்லை. சொட்டு மருந்து பையிலேயே இருக்கிறது. நிதா இப்போதெல்லாம் நச்சரிப்பதில்லை. பவர் நிற்கிறதா என்று பார்க்க அடுத்த ஆனியில் போக வேண்டும். வேலையைக் கேட்ட பிறகுதானே டாக்டரம்மாவுக்கே விஷயம் பிடிபட்டது. அம்மா கூட வரவில்லை என்றாலும் பரவாயில்லை, தனக்கு என்ன வேலைக்குப் போக ஆசை என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள் ரஹ்மத்துன்னிசா.