உருமால் கட்டிய ராசா

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கண்டி டவுன், கெலிஓயா, பல்லேகல என்று மூன்று இடத்தில் பலசரக்குக் கடை பிடித்தவர் அப்பா. ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் டீச்சர் அலெக்சாண்டர் பாடத்தை நடத்தியிருந்தார். பாதி உலகத்தைப் பிடித்தவன் சின்ன வயதிலேயே செத்துப்போனான். அவன் கைக்குழந்தையைப் பேருக்கு ராசாவாக வைத்துக்கொண்டு தளபதிகள் நாட்டை ஆளுக்கொரு துண்டாகப் பங்குபோட்டார்கள். பிறகு அந்தப் பிள்ளையையும் தாயையும் விஷம் வைத்துக் கொன்றார்கள். எழுதிக்கொண்டேன். அப்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

கருமாதி அன்று, அப்பாவின் இடம் இனி மகனுக்கு என்று, தாய்மாமன் என் ஐந்து வயதுத் தம்பியின் தலையில் உருமால் கட்டினார். துணி நழுவி அவன் கண்ணை மறைத்தது. சித்தப்பாமார் மூவரும் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"இனி நீதாண்டா மொதலாளி! எங்களுக்குச் சம்பளம் குடுப்பியா?"

எனக்கு டீச்சரின் பாடம் ஞாபகம் வந்தது. மூன்று கடை, மூன்று சித்தப்பா, நடுவில் ராசா.

பெரிய சித்தப்பா தம்பியை மடியில் இருத்தி, "இந்தா ராசா, பாயாசம் குடி" என்று கிண்ணத்தை நீட்டினார். பாய்ந்து பிடுங்கி நான் குடித்தேன். இன்னொருவர் வடை கொடுத்தார். அதையும் விடவில்லை. அம்மாவுக்குக் கொண்டுபோன தேத்தண்ணியிலும் பாதி என் வயிற்றுக்குள் போயிற்று. ஒவ்வொரு வாய்க்கும் பிறகு சாவு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பன் செத்த வீட்டுல என்னா தீனிடி ஒனக்கு!" என்று அத்தை தலையில் குட்டினார்.

பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் அத்தனையையும் வாந்தி எடுத்தேன். விஷமேதான். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்போது உள்ளே சின்னச் சித்தப்பாவின் குரல் கேட்டது.

"பயப்படாதீங்க அண்ணி. புள்ள வளர்ற வரைக்கும் ஆளுக்கொரு கடையா நாங்க பாத்துக்குறோம்."

"நீங்கதான் எங்களுக்குத் தொணை" என்றார் அம்மா.

அப்பாடா, கொல்லப்போவதில்லை என்று எனக்கு உயிர் வந்தது.

அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது. தம்பி நன்றாகத்தான் இருக்கிறான். கெலிஓயா கடையில் மூட்டை இறக்குகிறான். பெரிய சித்தப்பாவை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறான். யாராவது அவனுக்குச் சாப்பாடு நீட்டினால் இன்றைக்கும் முதல் வாயை நான்தான் எடுக்கிறேன். கொல்லாமலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது டீச்சர் நடத்திய பாடத்தில் இல்லை.