கத்தரித் தோட்டமும் மூன்று மூக்குகளும்

ஆம்பூரில் நான் கணக்கு எழுதிய தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி சாயபுவுக்கு ஒரு நாள் திடீரென்று விவசாயி ஆகவேண்டும் என்று வந்துவிட்டது. மண்ணாசை ஒன்றும் இல்லை, மகள் கல்யாணம்தான் காரணம். ஆற்காட்டுப் பக்கம் நிலக்காரர் வீட்டு வரன். பையனின் போட்டோ வந்திருந்தது. சாயபுவின் மனைவி பீபி அதை அலமாரியில் வைத்துப் பூட்டினால், பெண் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாளாம். அந்த அளவுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் தரகர் வந்து தலையைச் சொறிந்தார்.

"தோல்காரங்க ஊடுன்னா மாப்ளையோட அப்பா யோசிக்கிறாரு சாயபு. நெலம் நீச்சுன்னு இருந்தா ஒடனே சரிம்பாரு."

"அரே, நாங்க விவசாயக் குடும்பம்தான்! தோலு சும்மா பக்கத்துல ஓடுது" என்று சாயபு ஒரே போடாகப் போட்டார். தரகர் அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அறுவடை முடிந்ததும் பிள்ளை வீட்டார் பெண்ணையும் தோட்டத்தையும் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. தோட்டம் எங்கே இருக்கிறது? வீட்டுக்குப் பின்னால் பாலாற்றங்கரை வரைக்கும் சப்பாத்திக்கள்ளி இருந்தது.

சாயபு அசரவில்லை. பட்டணத்திலிருந்து விவசாயப் புத்தகங்களாக வரவழைத்தார். பார்சலைப் பிரித்தபோது மேஜையே நிறைந்துவிட்டது. அவருக்கு உருதுதான் படிக்க வரும், புத்தகங்களோ தமிழ். ஆகவே சாயங்காலம் கணக்கை மூடிய பிறகு நான் உரக்கப் படிக்க, அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். என் தலையெழுத்து!

அந்தப் புத்தகங்களை எழுதிய புண்ணியவான்கள் ஒருவர்கூடச் சேற்றில் கால் வைத்ததில்லை என்று நான் சத்தியம் செய்வேன். ஒருவர் பூமாதேவியில் ஆரம்பித்து, காமதேனுவுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார்.

"ஏரு எப்போ வரும் பிள்ளே?"

"இன்னும் பசுவே எழுந்திருக்கல சாயபு."

"தள்ளிப் படிய்யா. அதுக்குள்ள பொண்ணு கெழவியாய்டுவா."

இன்னொருவர் நாட்டுப்புறத்துக் காற்று அமிர்தம், அதை உட்கொண்டவனுக்கு வைத்தியரே வேண்டாம் என்று அத்தியாயம் அத்தியாயமாக உருகியிருந்தார். கொத்துவது எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. சாயபுவுக்கோ ஒரே பரவசம். அச்சில் வந்தது எதுவானாலும் அவருக்கு அது நேரில் பேசுகிற ஆள். "நம்ம புஸ்தகக்காரரு இன்னா சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடுவார்.

கள்ளியை வெட்டி எறிந்து கத்தரி நட்டோம். மண்ணைக்கூட அவர் தோலைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, "நயம் கம்மி" என்பார். பிஞ்சு விட்டதும் செடி செடியாகப் போய் "இது பஸ்ட்டு, இது செகண்டு, இது ரிஜெக்டு" என்று தரம் பிரித்தார். காய் செடியிலேயே இருக்கும்போது ரிஜெக்ட் செய்த விவசாயி இந்தப் பூலோகத்தில் அவர் ஒருவர்தான்.

ஆனால் செடி சவலையாக நின்றது. வரப்போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பீபி ஜமுக்காளத்துக்குப் பதிலாகக் கவலையை விரித்துப் படுத்துக்கொண்டாள். அப்போதுதான் ஒரு புத்தகத்தின் கடைசியில் எனக்கு அது அகப்பட்டது. மாமிசக் கழிவும் மயிரும் மிக உயர்ந்த எரு, அவற்றைக் குழியில் மக்கவிட்டு, துர்நாற்றம் அறவே நீங்கிய பின் செடிகளுக்கு இடுக என்று போட்டிருந்தது.

சாயபு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். தோலில் சீவி எடுத்த சவ்வும் சதையும், சுரண்டிய மயிரும் எங்கள் ஷாப்பில் மலைமலையாகக் கிடந்தன. குழி வெட்டிக் கொட்டினோம். கொஞ்ச நாள் கழித்துக் குழியைத் திறந்தோம்.

"மோந்து பாருய்யா பிள்ளே."

மோந்தேன். ஒரு நாற்றமும் இல்லை. சாயபு குனிந்து மூச்சை ஆழமாக இழுத்தார். "சுத்தம்!" என்றார். சந்தேகம் வேண்டாம் என்று ஷாப் மேஸ்திரியையும் கூப்பிட்டோம். பிறந்ததிலிருந்து தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழி ஓரமாகவே வளர்ந்த மனிதர் அவர். "மண்ணு வாசனை வருது சாயபு" என்றார். மூன்று மூக்குகளும் ஒன்றுபோலச் சொல்லியாயிற்று. வண்டி வண்டியாக அள்ளிச் செடிகளின் அடியில் போட்டு, கூடத்து ஜன்னல் வரைக்கும் பரப்பினோம். துர்நாற்றம் நீங்கிய பின் என்று எழுதினாரே அந்த மகானுபாவர், யாருடைய மூக்குக்கு என்று எழுத வேண்டாமா? இன்றைக்கும் அவர் கையில் கிடைத்தால் கேட்காமல் விடமாட்டேன்.

செடி என்னவோ கொழுகொழுவென்று வந்தது. பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து ஜட்கா எங்கள் தெருவில் திரும்பியபோதே மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையை மூக்கில் வைத்துவிட்டார். அவருடைய மனைவி பர்தாவோடு நேரே கூடத்துத் திரைக்கு உள்ளே போனாள். அவர் கூடத்தில் உட்கார்ந்தார், கைக்குட்டை இறங்கவில்லை.

"சளியா ஜனாப்? பேஜார் புடிச்ச சளி, இப்போ எல்லாருக்கும் இருக்கு" என்று சாயபு இஞ்சிக் கஷாயத்துக்கு ஆள் விட்டார்.

"அந்த ஜன்னலைக் கொஞ்சம் மூடச் சொல்லுங்க" என்றார் வந்தவர். குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மூடினா தோட்டம் தெரியாதே!"

"பரவால்ல."

மூடினார்கள். ஆனாலும் தோட்டத்தைக் காட்டாமல் விடுவாரா சாயபு? கையைப் பிடித்துப் பின்கட்டு வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே ஆம்பூரின் அத்தனை நாய்களும் எங்கள் கத்தரிப் பாத்தியில் குடும்பம் குடும்பமாகத் தோண்டிக்கொண்டிருந்தன. நான் "ச்சூ, ச்சூ!" என்று குடையோடு பாய்ந்தேன். அதில் ஒரு செவலை நாய் மிரண்டு ஓடிவந்து, வாயில் இருந்ததை விருந்தாளியின் பூட்சுக்கு முன்னால் போட்டுவிட்டுப் போயிற்று. பார்த்தால் ஓர் ஆட்டுக் காது. மயிர் போய், சுண்ணாம்பில் வெளுத்து, பளபளவென்று இருந்தது.

"உங்க ஊர்ல கத்திரிக்காய்க்குக் காது மொளைக்குமா?" என்றார் அவர்.

சாயபு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். விருந்தாளி விடுவிடுவென்று கூடத்துக்குத் திரும்பித் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, திரைக்கு உள்ளே கேட்கும்படி, "கிளம்பு, போகலாம்" என்றார். சாயபுவின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே பெண் விசும்புவது எங்களுக்கே கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கிளம்பவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அவள் உருதுவில் சொன்னாள். எனக்குத் தெரிந்த உருது அதற்குப் போதும்.

"நான் வரல. பேரணாம்பட்டுல எங்க அப்பா வீடு இப்படித்தான் இருக்கும். அப்பா வேலை முடிச்சு வந்து என்னைத் தூக்கிக்கிட்டா இதே வாசனை. கல்யாணம் பண்ணிட்டு வந்த நாளா நான் தோல்காரர் மகள்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னீங்க, சொல்லல. அங்க போகக் கூடாதுன்னீங்க, அப்பா மௌத்தானப்ப முகம் பாக்கக்கூடப் போகல." பிறகு, "அந்த ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பாவே போய் ஜன்னல் கதவைத் தள்ளினார். காற்று உள்ளே வந்தது. திரைக்குப் பின்னால் அவள் மூச்சை இழுத்து இழுத்து அழுதாள். அவர் தொப்பியை மறுபடி தலையில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டார். முகம் சிவந்து, கண் பிதுங்கி, மூச்சை அடக்கிக்கொண்டே சாயபுவைப் பார்த்து, "தேதி பாருங்க" என்றார்.