வழுக்காத தரை

என் அண்ணியை எண்ணெய்க் கிணற்றுக் கேன்டீனில் இன்னும் ஊரைக் கெடுத்தவள் என்று பேசுகிறார்களாம். பேசுகிறவன் வாயில் மண்ணைப் போட. அண்ணியைப் புகழ எந்த நாத்தனாருக்கும் சுலபத்தில் வாய் வராது, எனக்கும் வராது. ஆனாலும் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

அண்ணி எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களுக்கு இன்ஷூரன்ஸ் விற்கிறார். கிணற்றடியில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது, சின்னப் பொறி பட்டாலும் எரிவாயு பற்றிக்கொள்ளும். அதனால் போனில் பேசி ஆள் பிடிக்கிற கதையெல்லாம் அங்கே நடக்காது. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஸ்கூட்டரை கேட் ஓரமாக நிறுத்திவிட்டு, கேன்டீனின் கடைசி மேசையில் போய் உட்கார்ந்துகொள்வார். சேறும் கிரீஸுமாக எதிரில் வந்து உட்காருகிறவனிடம் பாலிசி என்ற சொல்லையே எடுக்க மாட்டார்.

"கையக் காட்டு," என்பார்.

ரேகை பார்க்கப்போகிறாராக்கும் என்று அவனும் நீட்டுவான்.

"இந்தக் கைய நம்பி வீட்ல எத்தனை பேரு?"

அவ்வளவுதான் அவருடைய வியாபாரம். ஜோசியக்காரம்மா என்று பெயரே விழுந்துவிட்டது.

அப்படிக் கை நீட்டியவர்களில் ஒருவன் குண்டூசி. ஆள் ஒல்லி, ஆனால் இரும்புக் குழாயைப் பிடித்தால் உடும்புப்பிடி. போன மழைக்காலத்தில் இரண்டு குழாய்களுக்கு நடுவில் அவன் வலது கை மாட்டி, மூன்று விரல்கள் போய்விட்டன. வேலை செய்யும்போது அடிபட்டால் பணம் தரும் பாலிசி அவனுடையது. ஆனால் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எழுதியிருந்தது இதுதான்: வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

காரணம், கேட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் பலகை. விபத்தில்லாத நாட்களை அதில் தினமும் கூட்டி எழுதுவார்கள். வருஷம் முழுக்க எண்ணிக்கை அறுபடாமல் போனால் எல்லாருக்கும் போனஸ், கூடவே ஒரு ஃபிளாஸ்க். அதனால் அங்கே எவனுக்கு எது நசுங்கினாலும் அவன் வீட்டுப் பாத்ரூமில் விழுந்தவன்தான். ஆஸ்பத்திரிக் கணக்கை நம்பினால், உலகத்திலேயே அதிகம் வழுக்குகிற பாத்ரூம்கள் எங்கள் தெருக்களில்தான் இருக்கின்றன.

குண்டூசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் என் கணவர். அந்த ஷிஃப்டுக்கு அவர்தான் பொறுப்பு. அண்ணி நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த டீயைத் தொடவே இல்லை.

"அண்ணா, டாக்டர்கிட்ட பாத்ரூம்னு சொன்னது நீங்கதானே?"

"அவனும்தாம்மா தலையாட்டுனான்."

"பாதி மயக்கத்துல கெடந்தவன் தலை ஆடத்தான் செய்யும். கிணத்தடியிலதான் நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க."

"எல்லார் போனஸும் போயிடும். அப்புறம் என்னை உயிரோட விடுவானுங்களா?"

"அவனுக்கு அவன் பொண்டாட்டி சோறு ஊட்டிக்கிட்டிருக்கா அண்ணா."

இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்க கால் விரல் போனப்பவும் இதே பாத்ரூம் கதைதானே சொன்னீங்க?"

இவர் சட்டென்று என்னைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? கேன்டீன்ல எல்லாருக்கும் தெரியுமே," என்றார் மெதுவாக.

எனக்குத் தெரியாது. நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது எங்கள் பாத்ரூமில் வழுக்கி, இரும்புக் கதவிடுக்கில் மாட்டி, கால் கட்டைவிரல் போனதாகத்தான் என்னிடமும் சொன்னார். தரையைப் பாசி பிடிக்க விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவள் என்று என் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டு, முட்டி போட்டு அந்தத் தரையைத் தேய்க்கிறேன். என் உள்ளங்கைத் தோல் உரிந்ததையும் இவர் பார்த்தார். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார்.

உள்ளே போய்த் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துவந்து இவர் மடியில் போட்டேன்.

"இத்தனை நாளா நான் எதைங்க தேய்ச்சேன்?"

அண்ணி என்னைச் சமாதானப்படுத்தவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்து இவர் முன்னால் வைத்தார். குண்டூசியின் கையைப் பற்றி எழுதிவிட்டு இவர் பேனாவை மூடப் போனார்.

"உங்க விரலையும் எழுதுங்க," என்றேன். எழுதினார்.

குண்டூசிக்குப் பணம் வந்துவிட்டது. பலகையில் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனது, யாருக்கும் போனஸ் இல்லை. இவரோடு பாதிப்பேர் பேசுவதில்லை. அண்ணியைக் கேட்டுக்குள் விடுவதில்லை. அவர் வெளியே பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, கையக் காட்டு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். திட்டிக்கொண்டேதான் நீட்டுகிறார்கள், ஆனால் நீட்டுகிறார்கள்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அன்றோடு தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். பாத்ரூம் தரை பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கிறது. இதுவரை ஒருவரும் விழவில்லை.